பந்தில் கோளாறா, துளையில் கோளாறா? எண்ணெய்த் தடம் பார்த்து பவுலிங் பந்தின் லேஅவுட்டைச் சரிசெய்வது

மலேசியாவின் ஈப்போவிலிருந்து அம்மான் கொண்டுவந்து கொடுத்த 15 பவுண்டு டென்பின் பவுலிங் பந்தை (உருட்டிவிட்டுப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம், அந்தக் கட்டைகளுக்குப் பெயர் பின்) நான் முதன்முதலில் உருட்டிய அன்றே அது 'டக், டக், டக்' என்று சத்தம் போட்டது. அம்மான் கையில் பல வருஷம் சத்தமில்லாமல் ஓடிய பந்து. என் கையில் மட்டும் ஏன் இப்படி என்று புரியவில்லை.

செட்டிநாட்டு வீடுகளுக்குக் கடல் தாண்டிச் சாமான் வருவது புதிதல்ல. எங்கள் வீட்டுத் தூண்கள் பர்மாத் தேக்கு. ஆனால் அந்த மரத்தை வந்தபடியே யாரும் நட்டுவிடவில்லை. வளவின் உயரத்துக்கு அறுத்து, இழைத்து நிறுத்தினார்கள். பந்தை நான் வந்தபடியே எறிந்தேன். போனில் கேட்டபோது அம்மான் சொன்னது இதுதான்: "பந்துல ஒண்ணுமில்லப்பா. எண்ணெய் எந்த எடத்துல ஒட்டுதுன்னு மொதல்ல பாரு. அப்புறம் பேசலாம்."

காரைக்குடியிலிருந்து நான் விளையாடும் லேன், அதாவது பந்தை உருட்டும் பாதை, 400 கிலோமீட்டருக்கு மேல். விடிகாலை பல்லவன் பிடித்துச் சென்னை போய், நாலு கேம் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். இப்படி எப்போதாவது விளையாடுகிறவர்களுக்கு அங்கே நின்று பரிசோதனை செய்துகொண்டிருக்க நேரம் கிடைக்காது. லேனில் கண்ணால் பார்க்க வேண்டியதை மட்டும் பார்த்துக்கொண்டு, மீதியை வீட்டில் வைத்துக் கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாம் வலதுகைக்காரருக்கானது, இடதுகைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு சொல் குழப்பம் வரும், முன்பே சொல்லிவிடுகிறேன். எதிரே நிற்பதும் பின், பந்தின் மேல் உள்ள சின்ன வண்ணப் பொட்டும் பின். அந்தப் பொட்டை நான் 'பின் புள்ளி' என்றே எழுதுகிறேன். பந்துக்குள் இருக்கும் கனமான கருவின் உச்சி எங்கே இருக்கிறது என்பதை அது காட்டுகிறது. பந்தை வாங்கிய பிறகு அந்தப் புள்ளி நகராது. விரல்களை நுழைக்கும் துளைகளை எங்கே போடுகிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. கருவை ஒட்டி உங்கள் கை எங்கே உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பதற்குப் பெயர்தான் லேஅவுட்.

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை: தடமும் அச்சும்

எறிந்த பந்து திரும்பி வந்ததும் துடைக்காதீர்கள். லேனில் பூசியிருக்கும் எண்ணெய் பந்தின் மேல் வளையம் வளையமாக ஒட்டியிருக்கும். அந்த வளையம் ஓடும் பாதைதான் தடம்.

கருவுள்ள ரியாக்டிவ் பந்தில் (லேனைப் பிடித்துத் திரும்பும் வகைத் தோல் போட்டது) ஒவ்வொரு சுற்றுக்கும் வளையம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, இரண்டு இடத்தில் ஒன்றையொன்று வெட்டி, வில்முடிச்சு போல விரியும். இதை ஃப்ளேர் என்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதுத் தோல் லேனைத் தொடுவதால்தான் பந்து பிடிக்கிறது, திரும்புகிறது. அளவெடுக்க மட்டும் இந்த விரிவு இடைஞ்சல். அதனால் ஸ்பேர் எடுக்க, அதாவது முதல் எறியில் விழாத பின்களை வீழ்த்த, வைத்திருக்கும் பாலியெஸ்டர் பந்தில் தடம் பாருங்கள். அதில் விரிவு மிகக் குறைவு, ஏறக்குறைய ஒரே வளையமாகத் தெரியும். அதன் மேலேயே வெள்ளை க்ரேயானால் கோடு போட்டு, துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம்.

வீட்டில் பந்தை நிறுத்தப் பிரிமணையைவிட நல்ல சாதனம் நான் பார்த்ததில்லை. பானை வைக்கும் அதே வைக்கோல் பிரிமணைதான். பந்து அதில் அசையாமல் உட்காரும், வேண்டிய பக்கம் திருப்பலாம், கீறலும் விழாது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வெறும் பந்தை வைக்கவே வேண்டாம், 6.8 கிலோ கை தவறி விழுந்தால் கல் தெறித்துவிடும். அடியில் ஒரு சாக்கு விரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது தையல்காரர் டேப்பும் ஒரு நூலும் போதும். தடம் ஒரு வட்டம். அந்த வட்டத்தின் எல்லாப் புள்ளிகளுக்கும் சம தூரத்தில், பிடி (விரல் துளைகள்) இருக்கும் பக்கம், பந்தின் மேல் ஒரே ஒரு புள்ளி உண்டு. பந்து கையை விட்டுப் போகும்போது அந்தப் புள்ளியைச் சுற்றித்தான் சுழல்கிறது. பந்தில் துளை போட்டுத் தரும் டிரில்லர்கள் இதை பி.ஏ.பி. என்பார்கள், நான் அச்சுப் புள்ளி என்கிறேன். நூலின் ஒரு முனையை உத்தேசமான இடத்தில் விரலால் அழுத்திக்கொண்டு, மறு முனை தடத்தைத் தொடும்படி சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் நூல் மிஞ்சி, மறுபக்கம் எட்டாமல் போனால் விரலைச் சற்று நகர்த்துங்கள். நாலைந்து முறையில் புள்ளி பிடிபட்டுவிடும். பிடியின் நடுவிலிருந்து அது எத்தனை அங்குலம் வலப்பக்கம், எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை லேனுக்குப் போகும்போது அந்தப் புள்ளியில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி எறிந்து, போனில் ஸ்லோமோஷன் எடுக்கச் சொல்லுங்கள். கையை விட்ட அடுத்த கணம் டேப் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் அளவு சரி. குட்டி வட்டம் போட்டால் இன்னும் நகர்த்த வேண்டும். பம்பரத்தின் ஆணி நடுவில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வைதான்.

தடத்தின் அளவையும் எடுத்துவிடுங்கள். பிடி இல்லாத பக்கமாக, வட்டத்தின் ஓரத்திலிருந்து எதிர் ஓரம் வரை பந்தின் மேலேயே டேப்பை ஓட்ட வேண்டும். பந்தின் முழுச் சுற்றளவு ஏறக்குறைய 27 அங்குலம். அதாவது ஓர் அங்குலத்துக்கு 13⅓ டிகிரி. குறுக்களவு 13½ அங்குலம் வந்தால் அச்சுக்குச் சாய்வே இல்லை. 12 வந்தால் 10 டிகிரி, 11 வந்தால் ஏறக்குறைய 17 டிகிரி. சாய்வு கூடக் கூட பந்து வழுக்கிக்கொண்டு நீளமாகப் போகும், உருளத் தொடங்க நேரம் எடுக்கும்.

கட்டைவிரல் துளைக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே தடம் ஓடினால் நீங்கள் ஃபுல் ரோலர். துளைகளுக்கு வெளியே ஒட்டி ஓடினால் செமி ரோலர், பெரும்பாலானவர்கள் இதுதான். துளைகளை விட்டு வெகுதூரம் தள்ளி, பந்தின் அடிப்பக்கம் சின்ன வட்டமாக ஓடினால் ஸ்பின்னர்.

அறிகுறி: உருளும்போது 'டக் டக்' சத்தம்

தடம் ஏதோ ஒரு துளையின் விளிம்பில் ஏறுகிறது என்று அர்த்தம். சுற்றுக்கு ஒரு 'டக்'. இது வெறும் சத்தப் பிரச்சினை இல்லை. தோல் லேனைத் தொட வேண்டிய இடத்தில் ஓட்டை வந்தால் ஒவ்வொரு முறையும் பந்து லேசாகத் துள்ளும், பிடிமானம் விட்டுப்போகும். எந்தத் துளை என்று கண்டுபிடிக்க விளிம்பைப் பாருங்கள்: எண்ணெய் ஏறியிருக்கும், பழசானால் சிறு சிறு கீறலாகத் தெரியும்.

அடுத்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சத்தம் *எப்போது* தொடங்குகிறது?

பந்து தரையைத் தொட்டதிலிருந்தே வந்தால், முதல் வளையமே துளையில் ஏறுகிறது. அது உங்கள் கைவாகு. பின் புள்ளியை எங்கே கொண்டுபோனாலும் முதல் வளையம் அங்கேதான் ஓடும். லேஅவுட் இதைத் தீர்க்காது. பிடியின் அளவு, கட்டைவிரல் துளையின் சாய்வு, பந்தை விடும்போது மணிக்கட்டு நிற்கும் விதம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஃபுல் ரோலர்கள் விஷயம் இன்னும் நெருக்கடி. அவர்கள் தடம் துளைகளின் நடுவே ஓடுவதால் இரண்டு பக்கமும் இடமில்லை. விரிவு மிகக் குறைவாக வரும் லேஅவுட்டே அவர்களுக்குச் சரி.

லேனில் பாதி தூரம் அமைதியாகப் போய், அதற்குப் பிறகு சத்தம் வந்தால் முதல் வளையம் தப்பித்துவிட்டது, விரிந்து வந்த பிந்திய வளையங்கள்தான் துளையில் விழுகின்றன. இது லேஅவுட் கோளாறு. சரிசெய்துவிடலாம்.

என் பந்தில் நடந்தது இரண்டாவது. அம்மான் தடத்தின் குறுக்களவு 11 அங்குலம், என்னுடையது 12¾. அவர் ஸ்பின்னருக்குப் பக்கத்தில் நிற்பவர், சாய்வு ஏறக்குறைய 17 டிகிரி. எனக்கு 5 டிகிரிதான். ஆக, என் தடம் அவருடையதைவிடத் துளைகளுக்கு நெருக்கமாக ஓடுகிறது. அதோடு, பின் புள்ளியிலிருந்து அவருடைய அச்சுப் புள்ளிக்கு 4¾ அங்குலம், என்னுடையதற்கு 4¼. அரை அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் பின் புள்ளிக்கும் அச்சுப் புள்ளிக்கும் நடுவே உள்ள தூரம்தான் விரிவை முடிவு செய்கிறது. 3⅜ அங்குலத்தில் விரிவு உச்சத்துக்குப் போகும். அங்கிருந்து பூஜ்யத்தை நோக்கிப் போனாலும் சரி, 6¾ அங்குலத்தை நோக்கிப் போனாலும் சரி, குறைந்துகொண்டே வரும். என் கையில் வந்ததும் அதே பந்து கூடுதலாக விரிந்தது. விரிய இடமோ முன்பைவிடக் குறைவு. கட்டைவிரல் துளையின் உதட்டில் எண்ணெய்க் கோடு பிறைநிலா மாதிரி படிந்திருந்தது.

அடுத்த முறை ஈப்போ போனபோது பந்தையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். டிரில்லர் பழைய துளைகளை அடைத்து, பிசின் இறுகியபின், என் அச்சுப் புள்ளிக்குப் பின் புள்ளி 5¼ அங்குலம் வருமாறு புதிதாகத் துளைத்துக் கொடுத்தார். சத்தம் நின்றுவிட்டது. கடைசி வளையம் கட்டைவிரல் துளைக்கு ஒரு விரற்கடை தள்ளியே நின்றது. திருப்பம் கொஞ்சம் குறைந்தது உண்மை. அதை 2000 கிரிட் தோலை 1000-க்குத் தேய்த்து ஈடுகட்டினேன் (கிரிட் எண் குறையக் குறையத் தோல் சொரசொரப்பாகும்). அம்மான் அதை வாங்கி ஒருமுறை எறிந்து பார்த்தார். அவர் கையில் அது கடைசிவரை வழுக்கிக்கொண்டே போய் ஒரு ஓரத்தை மட்டும் தட்டிவிட்டது.

பந்து ஒன்றுதான், கருவும் ஒன்றுதான். யாரோ ஒருவருக்கு அற்புதமாக ஓடிய லேஅவுட் எண்ணைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு போய் உங்கள் பந்தில் போடச் சொல்லாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

அந்த எண்களைப் படிப்பது எப்படி

டிரில்லர் '50 × 4½ × 40' என்று எழுதுவார். கருவடிவமைப்பில் பெயர்பெற்ற மோ பினெல் கொண்டுவந்த இரட்டைக் கோண முறை இது. நடு எண், மேலே சொன்ன பின் புள்ளி – அச்சுப் புள்ளி தூரம். முதல் எண் டிரில்லிங் கோணம். சிறியதாக இருந்தால் பந்து சீக்கிரம் உருளத் தொடங்கும், பெரியதாக இருந்தால் தாமதிக்கும். கடைசி எண், அச்சுப் புள்ளி வழியாக மேலும் கீழுமாக ஓடும் வி.ஏ.எல். கோட்டோடு, பின் புள்ளியையும் அச்சுப் புள்ளியையும் சேர்க்கும் கோடு உண்டாக்கும் கோணம். அது சிறியதாக இருந்தால் பந்து சட்டென்று திரும்பும், பெரியதாக இருந்தால் வளைந்து நிதானமாகத் திரும்பும். வழக்கமாக முதல் கோணத்தை 10-க்கும் 90-க்கும் நடுவிலும், கடைசிக் கோணத்தை 20-க்கும் 70-க்கும் நடுவிலும் வைத்துக்கொள்வார்கள்.

சமச்சீர் கருவுள்ள பந்தில் முதல் எண்ணுக்குப் பெரிய வேலை இல்லை. நடு எண்ணையும் கடைசி எண்ணையும் கவனித்தால் போதும்.

அறிகுறி: எல்லார் கையிலும் திரும்பும் பந்து என் கையில் நேராகவே போகிறது

லேஅவுட்டுக்குப் போகுமுன் வேகத்தைப் பாருங்கள். எறியும் கோட்டிலிருந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் தலைப் பின் வரை 60 அடி. வீடியோவில் அந்தத் தூரத்தை 2 வினாடிக்குள் கடந்தால் மணிக்கு 33 கிலோமீட்டர் போகிறது. சுழற்சியும் அதற்கு ஈடாக இல்லாவிட்டால் எந்தப் பந்துக்கும் பிடிக்க நேரமே இருக்காது.

வேகம் நிதானமாக இருந்தும் வழுக்கினால் தடத்தைப் பாருங்கள். குறுக்களவு 11-க்குக் கீழே இருந்தால் சாய்வு அதிகம், அதுதான் காரணம். வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக்கொண்டு ஒற்றைப் பட்டையாகத் தெரிகிறதா? அப்படியானால் உங்கள் அச்சுப் புள்ளிக்குப் பின் புள்ளி மிகப் பக்கத்திலோ மிகத் தூரத்திலோ விழுந்திருக்கிறது. பந்து தன் சொந்த எண்ணெயிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டுக்கும் மருந்து ஒரே திசைதான். முதலில் தோலை மங்கலாக்குங்கள்: 1000 கிரிட், தேவைப்பட்டால் 500. அப்ரலான் பேடு வாங்கி வீட்டிலேயே தேய்க்கலாம். பந்து ஓடும் விதத்தைத் தீர்மானிப்பதில் லேஅவுட்டைவிடத் தோலுக்குப் பங்கு பெரிது. அமெரிக்க பவுலிங் காங்கிரஸின் ஆய்வும் அதையே சொன்னது. துளையை அடைத்து மறுபடி போடும் செலவுக்குமுன் இந்த அரை மணி நேர வேலையைச் செய்து பாருங்கள். பலருக்கு இதோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் டிரில்லரிடம் பின் புள்ளியை 3½ முதல் 4 அங்குலத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சமச்சீர் இல்லாத பந்தானால் டிரில்லிங் கோணத்தையும் 30, 40 அளவுக்குக் குறைக்கலாம்.

அறிகுறி: சீக்கிரமே திரும்பி, பின்களிடம் போகும்போது சோர்ந்துவிடுகிறது

நன்றாக அகலமாக விரிந்த வளையங்கள், பாக்கெட்டில் (தலைப் பின்னுக்கும் அதன் வலப்பக்கப் பின்னுக்கும் நடுவே) அடித்தும் வலது பின்மூலையில் உள்ள 10-ஆம் பின் அசையாமல் நிற்பது: இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பந்து தன் வலுவை வழியிலேயே செலவழித்துவிட்டது. தடம் துளைகளை ஒட்டி ஓடி, சாய்வு குறைந்து, சுழற்சி பலமாக உள்ளவர்களுக்கு இது அடிக்கடி வரும். நானும் இந்த வகை.

லேன் காய்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். சாயங்காலக் கூட்டம் ஆடி முடித்த லேனில் எண்ணெய் தேய்ந்துபோயிருக்கும்; அங்கே எந்தப் பந்தும் இப்படித்தான் ஓடும். இடப்பக்கம் நகர்ந்து நின்று ஆடினால் சரியாகிவிடும். நல்ல எண்ணெயிலும் இதே கதை என்றால் தோலை 3000, 4000-க்குக் கொண்டுபோங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பின் புள்ளியை 5, 5½ அங்குலத்துக்குத் தள்ளி, விரல் துளைகளுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். '70 × 5 × 35' மாதிரி ஓர் அமைப்பு. முன்பாதி நீளமாக ஓடி, கடைசியில் வலுவோடு திரும்பும்.

அறிகுறி: ஒரு முறை தலைப் பின்னைத் தாண்டிப் போகிறது, அடுத்த முறை திரும்பவே இல்லை

கை ஒரே மாதிரிதான் போடுகிறது, பந்து மட்டும் முடிவு மாற்றுகிறது. எண்ணெய் பட்டால் வழுக்கல், காய்ந்த பலகை (லேன் நீளவாக்கில் பலகை பலகையாகப் பிரிந்திருக்கும்) பட்டால் வெட்டித் திரும்பல். பளபளப்பான தோல், விரல்களுக்கு மேலே பின் புள்ளி, சின்ன வி.ஏ.எல். கோணம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த பந்து இப்படித்தான் படுத்தும். பொது ஆட்டத்துக்கு எண்ணெய் பூசும் வழக்கமான அமைப்பான ஹவுஸ் பேட்டர்னில் நடுவில் எண்ணெய் அதிகம், ஓரங்கள் காய்வு. இரண்டு பலகை தள்ளிப் போனாலே வேறு லேன் மாதிரி ஆகிவிடும்.

பளபளப்பை எடுங்கள். புதிதாகத் துளைப்பதானால் பின் புள்ளியை விரல்களுக்குக் கீழே இறக்கி, கடைசிக் கோணத்தை 60-ஐ ஒட்டிக் கேளுங்கள். திருப்பம் கண்ணுக்கு அவ்வளவு அழகாக இராது, ஆனால் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை ஆடுகிறவர்களுக்கு நான் இந்த அமைப்பைத்தான் பரிந்துரைப்பேன்.

இதில் ஒரு சோதனை உண்டு. எண்ணெய்ப் பேட்டர்னின் நீளத்திலிருந்து (அடிக் கணக்கில்) 31-ஐக் கழித்தால், வலது ஓரத்திலிருந்து எண்ணும்போது பந்து திரும்ப வேண்டிய பலகை ஏறக்குறையக் கிடைக்கும். 40 அடி பேட்டர்னுக்கு 9-ஆம் பலகை. நீங்கள் 4-ஆம் பலகைக்கு அனுப்பிவிட்டுப் பந்து திரும்பவில்லை என்றால் துளைமேல் பழி போடக் கூடாது.

லேஅவுட் அல்லாத இரண்டு

பழைய பந்து கைமாறி வந்தால் துளைகளை எண்ணுங்கள். விரல் போகாத கூடுதல் துளை ஒன்று இருந்தால் அது எடையைச் சரிக்கட்டப் போட்டது. 2020 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் விதிப்படி ஆடும் போட்டிகளில் அது செல்லாது, அடைத்துவிட வேண்டும். கட்டைவிரலைத் துளைக்குள் நுழைக்காமல் இரண்டு கையால் எறிகிறவர்களுக்குக் கட்டைவிரல் துளையும் இந்தக் கணக்கில்தான் வரும்.

கத்திரி வெயிலில் கார் டிக்கியில் பந்தை விடாதீர்கள். ரியாக்டிவ் தோல் சூட்டில் விரிந்து, பிறகு ஏசி லேனில் சட்டென்று குளிரும்போது துளைகளுக்கு நடுவே விரிசல் விடும். விரிசல் விட்ட பந்துக்கு எந்த லேஅவுட்டும் உதவாது. வீட்டில் இரண்டாங்கட்டின் நிழலில், தரையோடு தரையாக, பிரிமணை மேலேயே வைத்திருக்கிறேன்.

டிரில்லரிடம் போகும்போது

நேரில் போக முடியாமல் பந்தை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறவர்கள் நம்மில் அதிகம். துண்டுச் சீட்டில் இவ்வளவும் இருக்கட்டும்: அச்சுப் புள்ளி பிடியின் நடுவிலிருந்து எத்தனை அங்குலம் வலம், எத்தனை மேலே, தடத்தின் குறுக்களவு, 60 அடியைக் கடக்கும் வினாடி, தோலின் இப்போதைய கிரிட், சத்தம் உண்டா, உண்டென்றால் தொடக்கத்திலா, பாதியிலா. கூடவே துடைக்காத பந்தின் வளையங்களை வெளிச்சத்தில் நாலு பக்கமும் எடுத்த படம். ஆசைப்படும் லேஅவுட் எண்ணை எழுத வேண்டாம். பந்து இப்போது என்ன செய்கிறது, அதில் எது பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள். எண்ணை அவர் போட்டுக்கொள்வார்.